மயில் பிளேடு கூப்பிடுகிறது

போன் அடிச்சா அடிச்சுட்டுப் போகுது அண்ணாச்சி, அதைக் கண்டுக்கிடாதீங்க. நீங்க உக்காருங்க. இந்தச் சாக்கை என் முழங்காலுக்கு நடுவுல இழுத்துக்கிடுறேன், உங்களுக்குக் கால் வைக்க இடம் ஆயிரும். பாத்து, பாத்து. கால் மட்டும் பட்டுறக் கூடாது. உள்ள இருக்கிறது தகரம்தான், ஆனா மேல பூச்சு பீங்கான் மாதிரி. லேசா இடிச்சாலும் சில்லு பேந்துரும். சில்லு பேந்துச்சுன்னா வாங்குறவன் மூஞ்சியைச் சுளிப்பான்.

மதுரைக்கா? நானும் மதுரை போயித்தான் கொடைக்கானல் பஸ் பிடிக்கணும். ஆயுத பூஜையும் அதுவுமா எவன் பயணம் கிளம்புவான்னு நினைக்கீங்க. என்ன செய்ய. அங்க ஒரு ஓட்டல் முதலாளி சுவத்துல ஆணி அடிச்சுட்டு இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. பஸ்ஸைப் பாருங்க, முன்னாடி ரெண்டு வாழைக்கன்னு, கண்ணாடி பூரா சந்தனம். டிரைவருக்கு ரோடு தெரியுதோ என்னமோ.

பாத்தீங்களா, மறுபடியும் அடிக்குது. என்ன பேரு வருது, நீங்களே படிங்க. 'மயில் பிளேடு.' ஆமா, ஆளு பேரு இல்ல. என் போன்ல ஆளு பேரு ஒண்ணும் இருக்காது. மயில் பிளேடு, சந்திரகலா சோப்பு, கோகிலம் தைலம், ரெட்டைக்கிளி பவுடர், இப்படித்தான் இருக்கும். எந்த ஆள்கிட்ட எந்தப் போர்டு இருக்கோ அதுதான் அந்த ஆளுக்குப் பேரு. எனக்கு ஆளு பேரு மறந்துரும், போர்டு மறக்காது.

நம்ம தொழிலே அதுதான் அண்ணாச்சி. பழைய சலூன் கடை தகரப் போர்டு. அந்தக் காலத்துல பிளேடு கம்பெனிக்காரன், சோப்புக் கம்பெனிக்காரன் எல்லாம் சும்மாவே கொடுத்துட்டுப் போவான், கடை வாசல்ல மாட்டிக்கோன்னு. கம்பெனி எல்லாம் போன இடம் தெரியல. போர்டு மட்டும் அப்படியே நிக்குது, வெயிலு மழை எதுக்கும் அசையாம. நகத்தால தட்டினா கிண்ணுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கே நான் அடிமை. முதல்ல எனக்காகத்தான் சேத்தேன். வீட்டுல கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, எங்க பாத்தாலும் போர்டு. வீட்டுக்காரி சத்தம் போட்ட பிறகுதான் விக்க ஆரம்பிச்சேன். இப்பவும் ஒண்ணைக் கைமாத்தி விடுறதுக்கு முன்னால ஒரு தடவை தட்டிக் கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்.

எப்படி வாங்குவேன்னா, காசு கொடுக்கவே மாட்டேன். காசுன்னு சொன்னா உடனே உஷாராயிருவாங்க, இதுல என்னமோ இருக்குன்னு. கடையில ஆள் இல்லாத மத்தியானமாப் பாத்துப் போயி, சேவிங் பண்ணணும்னு உக்காந்துருவேன். நாடியைத் தூக்கிக் காட்டிக்கிட்டே, "என்னண்ணே, போர்டு இப்படி மங்கிப் போயிக் கிடக்கு, ரோட்டுல போறவனுக்குக் கடை இருக்கிறதே தெரியலையே"ம்பேன். அவ்வளவுதான். ரெண்டாவது தடவை போகும்போது, "நான் லைட்டு போர்டு போட்டுத் தாரேன், உங்க போட்டோவே போட்டுத் தாரேன், நீங்க ஒண்ணும் தர வேண்டாம், அந்தத் துருப்பிடிச்ச தகரத்தை மட்டும் கழட்டிக்கிடுறேன்"ம்பேன். ஒத்துக்கிடாத ஆள் இல்ல.

லைட்டு போர்டு என்ன பெரிய வித்தை. இரும்புப் பட்டையில ஒரு சட்டம், உள்ள ரெண்டு டியூப் லைட்டு, மேல ஃப்ளெக்ஸ். எல்லாம் நானே செஞ்சுருவேன். முன்னால அந்தோணின்னு ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். அவன் சரியான பயந்தாங்குளி. "அண்ணே, இரும்புச் சட்டம், எர்த் போடாமக் கொடுக்காதீங்க, ஒருநாள் ஆளைத் தூக்கிரும்"ம்பான். "சுவிட்ச் வைக்காமக் கொடுக்காதீங்க"ம்பான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு செலவு. இப்படிப் பாத்தா நான் எங்க போர்டு வாங்குறது? போடா போன்னு அனுப்பிட்டேன். இப்ப மீட்டர் பக்கத்துலருந்து நேரா ஒரு வயரை இழுத்து, டேப் சுத்தி, சட்டத்துக்குள்ள விட்டுருவேன். சுவிட்ச் கிடையாது, ராத்திரி பகல் எரியும். அவங்களுக்கும் பெருமைதான். எனக்கே மாட்டும்போது ரெண்டு மூணு தடவை சுருக்குன்னு இழுத்திருக்கு. ரப்பர் செருப்பு இல்லாம ஏணியில ஏற மாட்டேன், அதனால ஒண்ணும் ஆகல. எத்தனை கடைக்குப் போட்டிருக்கேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் உண்டா?

இப்பப் போற வழியிலயே வேப்பங்குளத்துல ஒண்ணு இருக்கு. ரோட்டு மேலயே, இந்த ஜன்னல் பக்கம்தான். வரும்போது காட்டுறேன். அங்கதான் சந்திரகலா சோப்பை எடுத்தேன். அருமையான பீஸு.

இந்த மயில் பிளேடு கதையைச் சொன்னாத்தான் இவன் ஏன் இப்படிப் போனைப் போட்டு உயிரை எடுக்கான்னு உங்களுக்குப் புரியும்.

சிந்தலைப்பட்டின்னு ஒரு ஊரு. பஸ் நிக்கிற இடத்துல ஒத்தைக் கதவு சலூன். கடைக்காரன் பேரு சீனிச்சாமின்னு நினைக்கேன். வாசக்கால் பக்கத்துல, நின்னா முகத்துக்கு நேரா, இந்தப் போர்டு. நீலத்துல தோகை விரிச்ச மயிலு, அதுக்கு முன்னால ஒரு மீசைக்காரரு பாதி முகம் நுரையோட சிரிக்காரு. 'முகம் மலர மயில் பிளேடு.' ஒரு மூலையில கூட துரு இல்ல. கண்ணாடிக்குள்ள எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது, எனக்குக் கத்தி கழுத்துல இருக்கிறதே மறந்து போச்சு. தலையைத் திருப்பிட்டேன். லேசா கீறிருச்சு. அவன் பதறிப் போயி படிகாரத்தைத் தேய்க்கான், நான் மயிலையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆனா ஆளு மசியல அண்ணாச்சி. சித்திரையில கேட்டேன், முடியாதுன்னுட்டான். ஆடியில போனேன், முடியாதுன்னுட்டான். என்னன்னு பாத்தா, அந்தப் போர்டை அவன் சாமியாக் கும்பிடுறான். காலையில கடையைத் திறந்ததும் வாசல்ல தண்ணி தெளிப்பான். செருப்பைக் கழட்டிட்டு, அந்த ஈரக் கையோடயே போர்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவான். அதுக்கப்புறம்தான் கத்தியை எடுப்பான். அவன் பொஞ்சாதி பூமயிலு வெள்ளிக்கிழமை வந்து ஈரத்துணியால துடைச்சு, அந்த மீசைக்காரர் நெத்தியில ஒரு பொட்டு வச்சுட்டுப் போவா. சிரிப்பு வரும் எனக்கு. சிரிப்பை விட வயித்தெரிச்சல், குங்குமம் பூச்சை அரிச்சுருமேன்னு. "எங்கப்பா இதைத் தொட்டுத்தாண்ணே தொழில் பாத்தாரு. இதுதான் எங்களுக்குச் சோறு போடுது"ம்பான். சோறு போடுறது கத்திரிக்கோலாய்யா தகரமாய்யான்னு கேட்டா, மறுபடியும் போர்டைத் தொட்டுக் கும்பிடுவான்.

அப்பத்தான் எனக்கு யோகம் அடிச்சுது. எதுத்தாப்புல ஒரு ஏசி சலூன் வந்துச்சு. கண்ணாடிக் கதவு, பெரிய லைட்டு போர்டு. இவன் கடைக்கு வந்த இளவட்டம் பூரா அங்க போயிட்டாங்க. நான் ஆவணியில போகும்போது சீனிச்சாமி தன் நாற்காலியிலயே உக்காந்து எதுத்த கடையைப் பாத்துக்கிட்டு இருக்கான். அவனாத்தான் கேட்டான், "லைட்டு போர்டு போட்டா ஆளு வருவாங்களாண்ணே?"ன்னு. "வராம?"ன்னேன்.

போர்டைக் கழட்டுற அன்னைக்கு இழவு வீடு மாதிரி ஆக்கிட்டாங்க. தேங்கா உடைச்சு, சூடம் காட்டி, பூமயிலு முந்தானையை வாயில பொத்திக்கிட்டு நிக்கா. எனக்கு எப்படா கிளம்புவோம்னு இருக்கு. புதுப் போர்டை அதே இடத்துலயே மாட்டினேன், முகத்துக்கு நேரா. சீனிச்சாமி போட்டோவைப் பெருசாப் போட்டிருந்தேன். லைட்டு எரிஞ்சதும் ரெண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்லு. அப்ப அவன் ஒண்ணு கேட்டான். "அண்ணே, இதையும் தண்ணி ஊத்திக் கழுவலாம்ல? ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைக்கணும்"ன்னான். "தாராளமாக் கழுவுங்க. கழுவக் கழுவத்தான் பளபளப்பு"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும் சொல்லுங்க? கழுவக் கூடாதுன்னா போர்டை வேண்டாம்னுருவான்.

அத்தோட முடிஞ்சுதா? ஒரு வாரம் கூட ஆகல, போன். "அண்ணே, போர்டைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்குண்ணே." புதுசுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிரும்னேன். அடுத்து ஒரு போன். "அண்ணே, சட்டத்துல ஒரு பல்லி ஒட்டுன மாதிரிச் செத்துக் கிடக்குண்ணே. பழைய போர்டு கோவிச்சுக்கிடுச்சோன்னு பூமயிலு பயப்படுதா." எப்படி இருக்கு கதை? பல்லி சாகுறதுக்கும் போர்டுக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? அப்புறம் ஒருநாள் முழங்கை வரைக்கும் இழுத்துருச்சுன்னான். "செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடுய்யா"ன்னேன். நான் சொன்னேன் அண்ணாச்சி, தெளிவாச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? சிரிக்கான். "செருப்புக் காலோட எப்படிண்ணே தொடுறது? தொழில் போர்டாச்சே"ங்கான். இவங்களை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

அதுலருந்து ஒரே பாட்டுத்தான். "வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்கண்ணே. இல்லைன்னா பழசையே கொடுத்துருங்கண்ணே, பூஜைக்கு மட்டுமாவது கொடுங்கண்ணே." வந்து பாத்தா போர்டைக் கேப்பான். கொடுக்க முடியுமா? அந்தக் கொடைக்கானல் முதலாளி இந்தச் சாக்குல இருக்கிற மயிலுக்குன்னே ஒரு சுவத்துக்கு வெள்ளை அடிச்சு வச்சிருக்காரு. அதனால நேத்துலருந்து நான் போனை எடுக்கிறதே இல்ல. இன்னைக்கு விடிஞ்சதுலருந்து பாருங்க, அடிச்சுக்கிட்டே இருக்கான். நடுவுல கொஞ்ச நேரம் நிறுத்தினான். சரி, ஆளு ஓஞ்சுட்டான்னு நினைச்சேன். இப்ப மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.

ராத்திரி நல்ல மழை இந்தப் பக்கமெல்லாம். ரோட்டோரம் பூரா தண்ணி நிக்குது பாருங்க. கடைக்காரங்களுக்கு இன்னைக்கு வசதி, வாளியில மோந்து மோந்து ஊத்துறாங்க. ஷட்டரு, தராசு, சைக்கிளு, ஒண்ணு விடாமக் கழுவுறாங்க. நல்ல நாளு அண்ணாச்சி இது. எனக்குப் பிடிச்ச நாளு.

அட, விட மாட்டேங்கானே. அண்ணாச்சி, ஒரு உதவி செய்யுங்க. நீங்க எடுங்க. எடுத்து, இந்தப் போன் பஸ்ஸுல கிடந்துச்சு, ஆளு இறங்கிப் போயிட்டாருன்னு சொல்லிருங்க. உங்க குரலு அவனுக்குத் தெரியாதுல்ல. இந்தாங்க. பச்சையைத் தள்ளுங்க.

ம்... சொல்லுங்க, பஸ்ஸுல கிடந்துச்சுன்னு சொல்லுங்க.

என்ன, கேட்டுக்கிட்டே இருக்கீங்க? அங்க என்ன அவ்வளவு சத்தம்? பொம்பளைக் குரலாக் கேக்குது. பூமயிலா? போர்டைக் கேட்டு அழுறாளா?

அவ இல்லையா? அப்ப யாரு? எதுத்த கடைக்காரனா? ஏசி சலூன்காரனா? அவன் எதுக்கு சீனிச்சாமி போன்லருந்து எனக்குக் கூப்பிடுறான்?

என்ன அண்ணாச்சி, என்னை ஏன் அப்படிப் பாக்கீங்க? என்னன்னு சொல்லுங்களேன்.

கழுவுனானா.

வெறுங்காலோட நின்னு கழுவுனானா. தண்ணி ஊத்தி... எல்லாரும் சேந்து கட்டையால தட்டிவிட்டாங்களா? சரி, தட்டிவிட்டாங்கள்ல? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்கள்ல? போற வழியிலயேவா?

இருங்க. இருங்க அண்ணாச்சி. பூமயிலு? பிடிச்சு இழுக்கப் போயி அவளுக்கும் கையெல்லாம்... ஆனா உயிரு இருக்குல்ல. இருக்கு. சரி.

என்னது? காலையில அவரு கூப்பிட்டது இதுக்கா? கழுவலாமான்னு கேக்கவா? இந்தப் போர்டைக் கேட்டுக் கூப்பிடலையா? "அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் தண்ணி ஊத்தணும்"னு சொல்லிக்கிட்டே வாசல்ல நின்னாரா? நான் எடுக்கலைன்னு... அவரா ஊத்திட்டாரா?

போனைக் கொடுங்க. கொடுங்க இங்க. வச்சுட்டீங்களா? நான் யாருன்னு சொல்லலைல்ல?

நான் சொன்னேன் அண்ணாச்சி. செருப்புப் போட்டுத் தொடுன்னு நான் சொன்னேன். இப்பத்தான உங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் சாட்சி. கழுவச் சொன்னது... அது வேற, அது மாட்டுன அன்னைக்குச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. செருப்புன்னு தெளிவாச் சொல்லியிருக்கேன். யாராவது கேட்டா சொல்லுவீங்கள்ல? நீங்க எந்த ஊரு? பேரு என்ன? உங்க பேரைக்கூட நான் கேக்கல.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. வேர்க்குது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்துக்கிடுறேன்.

இது எந்த ஊரு? கண்டக்டர் என்ன சொல்றாரு?

வேப்பங்குளமா.

அண்ணாச்சி. அண்ணாச்சி, வேப்பங்குளம். அதோ, அந்த டீக்கடைக்கு அடுத்தது. லைட்டு எரியுது பாருங்க, பகல்லயும் எரியுது. அதான் நம்ம போர்டு. வாசல்ல வாளியை வச்சுக்கிட்டு ஒருத்தரு நிக்காரே, பச்சைத் துண்டு, அவருதான். அவருதான் சந்திரகலா சோப்பு. இன்னும் ஊத்தல. வாளி நிறையத் தண்ணி இருக்கு.

வண்டியை நிறுத்தச் சொல்லுங்க! ஏ கண்டக்டர்! மேளம் அடிக்காங்க, கண்டக்டருக்குக் கேக்கல. நல்லவேளை, மேளக்காரங்க குறுக்க வந்ததுல வண்டி தானாவே நின்னுருச்சு. எந்திரிக்க முடியல அண்ணாச்சி, இந்தப் போர்டு முழங்காலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு... சாக்கு கம்பியில சிக்கிக்கிட்டு வர மாட்டேங்குது. நீங்க இறங்குங்க. நீங்க ஓரத்துலதான இருக்கீங்க, ஓடுங்க. ஊத்தாதீங்கன்னு சொல்லுங்க.

பேரு சொல்லிக் கூப்பிடணும். ஏய்யா! யோவ்! திரும்ப மாட்டேங்காரே. அவரு பேரு என்ன? மூணு தடவை அவர்கிட்ட முகம் மழிச்சிருக்கேன், காப்பி வாங்கிக் கொடுத்திருக்காரு, அவரு பேரு என்ன? வாயில வர மாட்டேங்குதே. சந்திரகலா! ஏ சந்திரகலா! சந்திரகலா சோப்பு!

எவன் திரும்புவான். ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது, அவரு ஒருத்தரு மட்டும் பாக்கல.

போன். போன் இருக்கு, நம்பர் இருக்கு. ச, ச... இந்தா. அடிக்குது. அண்ணாச்சி, அடிக்குது. வாளியைக் கீழ வச்சுட்டாரு. வச்சுட்டாரு! கையைத் துண்டுல துடைக்காரு. எடுய்யா. சட்டைப் பையிலருந்து எடுத்துட்டாரு, பாக்காரு. என் பேரைத்தான் பாக்காரு. எடு, எடு சாமி.

கட் பண்ணிட்டாரு.

அண்ணாச்சி, எங்க போயிட்டீங்க? இறங்கிட்டீங்களா? வேகமா ஓடுங்க அண்ணாச்சி. அவரு செருப்பைக் கழட்டுறாரு.